சந்தனம் பூசிய கெப்பாசிட்டர்

அருளாயி அக்காவின் மோட்டாரைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது. நண்பா, உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. மயிலாடும்பாறை தாண்டி, மின்கம்பி முடிகிற இடத்தில் இருக்கிறது அக்காவின் தக்காளித் தோட்டம். சுற்றிலும் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் அங்கே வோல்டேஜ் படுத்துவிடும்; மோட்டார் திணறிச் சூடேறிக் கருகும்.

இதற்காகத்தான் நீ நம் மின்வாரிய அலுவலகத்தில் சண்டை போட்டாய். காந்தம் உண்டாக்க மட்டும் மோட்டார் இழுக்கிற மின்னோட்டம், சப்-ஸ்டேஷனிலிருந்து அவ்வளவு தூரம் கம்பியைச் சுட்டுக்கொண்டு வரத் தேவையில்லை. தோட்டங்களுக்குப் பக்கத்தில் கெப்பாசிட்டர் வைத்தால் அங்கேயே கிடைத்துவிடும் என்றாய். அளவு மிஞ்சினால், மோட்டார்கள் நின்றதும் வோல்டேஜ் எகிறி வீட்டு பல்பெல்லாம் போய்விடும் என்றும் சொன்னாய்.

"அந்தக் காட்டுக்குள்ள வச்சா எவன் பாக்கப்போறான்? பெரியவுக கார் வர்ற இடத்துல வைங்கப்பா" என்றார் நம் அதிகாரி.

சப்-ஸ்டேஷன் வாசலிலேயே வைத்தார்கள். போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று, வேண்டிய அளவைவிடப் பெரிதாக. சந்தனம், மாலை, சூடம். படித்தவர்கள் அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள். நீ என் காதருகே சொன்னாய்: "மதகுல நின்னுக்கிட்டுக் கடைமடைக்குப் பன்னீர் தெளிக்கிறாகடா."

காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, அதே அதிகாரி உன் படத்துக்கும் சந்தனம் வைத்தார். "நம்ம ஆபீஸுக்கே தூணு" என்றார். தூண் பேசியபோது ஒரு நாளும் காது கொடுக்காத மனிதர். அடுத்த வார்த்தை, "டீ சொல்லியாச்சா?"

இன்று அக்கா கேட்டார்: "ஏந்தம்பி, வந்தாக, ரிப்பன் வெட்டுனாக, போனாக. எந் தக்காளி நின்ன வாக்குல காயுது. யாரைப் போயிக் கேக்க?"

அதிகாரி போனில் எனக்கு வழி சொன்னார்: "மோட்டார் பழசுன்னு எழுதி முடிச்சு விடு." எழுதினால் பழி அக்காமேல். கெப்பாசிட்டர் மாலையோடு வாசலிலேயே நிற்கும்.

உன் அம்மா என்னிடம் கொடுத்த உன் பழைய மீட்டரை எடுத்துக் கம்பத்தடியில் வைத்து அளந்தேன். முள் பாதி வழியிலேயே சோர்ந்து நின்றது. கெப்பாசிட்டர் இருக்கும் இடமும் தவறு, அளவும் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தூக்கியடிப்பார்கள். அடிக்கட்டும். எந்த ஊருக்குப் போனாலும் கம்பி முடிகிற இடத்தில்தான் முதலில் அளப்பேன். மீட்டர் பையில்தான் இருக்கிறது. அதற்குச் சந்தனம் வைக்கவில்லை.