தோளில் இருந்த கை

கிழக்குத் தாம்பரம்,
பிப்ரவரி 1

அன்புள்ள பத்ரி,

போன் செய்தால் மீட்டிங் என்று மெசேஜ் அனுப்புகிறாய். அதனால்தான் தபால். தம்பி பத்திரிகைக்காரன் என்று பெருமை பீற்றுகிறேன், அவன் குரல் கேட்டு மாதமாகிறது.

வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக மனு போட்டுவிட்டேன். ஏரிக்கரையில் எழும்பும் ஃப்ளாட்டுகளின் சாக்கடையை ஏரியிலேயே விடுகிறார்கள். கட்டுகிறவர் உங்கள் முதலாளியின் மைத்துனர். டிவி, தினசரி, கேபிள், ஞாயிறுதோறும் வாசலில் இலவசமாக விழும் பேப்பர் எல்லாமே முதலாளியுடையது. நாங்கள் இதை எங்கே போய்ச் சொல்ல?

என்னைப் புகழ்ந்து எழுத வேண்டாம். ஞாயிறு பேப்பரில் வேட்பாளர் பட்டியல் வரும்போது என் பெயர் இருந்தால் போதும். அந்தப் பேப்பர் உன் பொறுப்புதானே?

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா ஸ்ரீவித்யா


மேடவாக்கம்,
பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பது வருஷம் கணக்கு டீச்சர், இப்போது வீடு வீடாக ஓட்டு கேட்கிறாயா? முட்டிவலி என்ன ஆயிற்று?

பெயர் வரும், கவலைப்படாதே. ஆனால் மேடையில் முதலாளியை இழுக்காதே. போன மாதம் எங்கள் சீனியர் ஹரிபிரசாத் சாரை ஒரு செய்திக்காக ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை கேட்டு அவர் ஏறி இறங்கிய மூன்று ஆபீசும் இப்போது இவர்களுடையதுதான். பெண் மாளவிகா ப்ளஸ் டூ எழுதப் போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

உன்
பத்ரி


கிழக்குத் தாம்பரம்,
பிப்ரவரி 13

பத்ரி,

இன்று காலை மீன்காரம்மா முத்தாலம்மாள் கூடையை இறக்காமலே கேட்டாள்: "இன்னா டீச்சர், வாபஸ் வாங்கிக்கினியாமே? பேப்பர்ல உன் போட்டோ போட்டுக்கீதுன்னு தெருவே பேசுது!"

வாசலில் கிடந்த உன் ஞாயிறு பேப்பரை எடுத்துப் பார்த்தேன். "சுயேச்சை ஸ்ரீவித்யா விலகல்?" வழக்கு வராமலிருக்க ஒரு கேள்விக்குறி. வாபஸ் தேதி முடிந்து ஆறு நாளாகிறது! பட்டியலிலும் பெயர் இல்லை. வருகிற சனிக்கிழமை ஓட்டுப்பதிவு. யார் செய்தது என்று விசாரி. போனையும் நீ எடுக்கவில்லை. ஓட்டுப்பதிவுக்கு முன் தினசரியிலாவது மறுப்பு போடச் சொல். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அக்கா


மேடவாக்கம்,
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரித்தேன். டெஸ்க்கில் யாரோ அவசரத்தில் செய்த தவறு. மறுப்பு கட்டாயம் வரும். உடம்பைப் பார்த்துக்கொள்.

பத்ரி


கிழக்குத் தாம்பரம்,
பிப்ரவரி 24

பத்ரி,

நாற்பத்தொரு ஓட்டில் தோற்றேன். மறுப்பையும் பார்த்தேன். ஓட்டுப்பதிவுக்கு மறுநாள், ராசிபலனுக்குக் கீழே இரண்டு வரி.

அதை வெட்டி வைக்கத்தான் பழைய பேப்பரையும் எடுத்தேன். அன்றிருந்த பதற்றத்தில் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. நான் மாம்பழப் பட்டுப்புடவையில் இருக்கிறேன். என் தோளில் ஒரு கை, விரலில் அம்மா உனக்குப் போட்ட பவழ மோதிரம். உன் கல்யாணத்தில் நீயும் நானும் நின்று எடுத்த படம். அது உன் ஆல்பத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. உன்னை வெட்டியெடுத்தவன் கையை மட்டும் விட்டுவிட்டான்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. "அக்கா, முடியாது" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். விலகவில்லை என்று நானே நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்திருப்பேன். உன்னை நம்பிச் சும்மா இருந்துவிட்டேன்.

பதில் வேண்டாம். மாளவிகாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது, கணக்கு சொல்லித்தர அவளை என்னிடம் அனுப்பு. கூட்டி வரும்போது நீ தெருமுனையிலேயே நின்றுகொள்.

ஸ்ரீவித்யா