துண்டுக்கு உண்ணி வைத்தியம்

மார்ச் 3, செவ்வாய்

பட்டறையில் ஒரு காருக்கு முழு சீட் கவர் தைத்து முடித்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நிற்கிறாள். கையில் ஒரு தாள், தாளின் மேல் ஓர் உண்ணி.

"என் தலையணை மேல ஊர்ந்துச்சுடா. இந்த வீட்டுல நான் இருக்கணுமா, அது இருக்கணுமா?"

அது என்றால் துண்டு, என் நாய். பட்டறையில் வெட்டித் தள்ளிய துணிக் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்தது, அதனால் அந்தப் பெயர். அத்தான் காலமான பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மாதக் கடைசியில் அக்கா மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அதற்குள் உண்ணி ஒழிய வேண்டும், இல்லாவிட்டால் துண்டு போக வேண்டும். கிடங்கு வைத்திருக்கும் என் நண்பன் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அங்கே போனால் நாள் முழுக்கச் சங்கிலிதான்.

பூச்சிமருந்து அடிக்கவும் கூடாதாம். "குழந்தை வர்ற வீட்டுல விஷத்தைத் தெளிப்பியா?" சரி தாயே. இயற்கை வைத்தியமே செய்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

வேப்பிலையைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, துண்டைக் குளிப்பாட்டினேன். குளித்தது நான்தான். அது உதறிய உதறலில் சுவர், கண்ணாடி, காயப் போட்ட அக்காவின் துணி எல்லாம் பச்சை.

பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் திடீரென்று நாய் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் வினிகர் என்கிறார். ஒருவர் எலுமிச்சை. பக்கத்து மெக்கானிக், "தேங்காய் எண்ணெயில கற்பூரத்தைப் போட்டுத் தேய்ங்கண்ணே, தலைதெறிக்க ஓடும்" என்றான். எது ஓடும் என்று சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பேன் சீப்பு வாங்கிவந்து காலை முழுக்கச் சீவினேன். காது மடல், கால் விரலிடுக்கு, வாலடி. எடுத்ததை எல்லாம் சோப்புத் தண்ணீரில் போட்டேன். பிறகு வினிகரில் தண்ணீர் கலந்து தடவினேன். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வீடே ஊறுகாய் ஜாடி மாதிரி நாறுது" என்றாள்.

ஆனால் துண்டு பளபளவென்று இருக்கிறது. ஒன்றுகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

காதில் மறுபடியும். சனியனே, எங்கிருந்துதான் வருகிறாய்?

மார்ச் 12, வியாழன்

 தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

காலையில் மெக்கானிக் சொன்ன கற்பூர எண்ணெயைத் தேய்த்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். மதியம் அக்காவின் போன். "டேய், அது வாயில எச்சியா ஊத்துது. பின்னங்கால் தள்ளாடுது. நான் ஆட்டோவுல ஏத்திட்டேன், நீ நேரா நாய் டாக்டர்கிட்ட வந்துடு."

நாய் வாடையே ஆகாது என்பவள் அதை மடியில் கிடத்திக்கொண்டு வந்தாள். உடுப்பெல்லாம் எச்சில்.

டாக்டரம்மா என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். "இயற்கைன்னா எல்லாம் நல்லதுன்னு யார் சார் உங்களுக்குச் சொன்னாங்க? கற்பூரம் நாய்க்கு விஷம். தோல் வழியாவே உள்ள இறங்கும். நக்கிட்டா இன்னும் மோசம்." எண்ணெய் போகக் கழுவி, சாயந்திரம் வரை பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். கிளம்பும்போது சொன்னார்: "உண்ணிக்கு மாத்திரை இருக்கு. முதல்ல இது தேறட்டும், பத்து நாள் கழிச்சு வாங்க. ஆனா நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டுலதான் குடியிருக்கும். அது எங்க படுக்குதுன்னு பாருங்க."

நான் ஒரு மடையன். வேறென்ன எழுத?

மார்ச் 15, ஞாயிறு

துண்டு தேறிவிட்டது. செருப்பைக் கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டது.

டாக்டரம்மா சொன்னபடி வீடு முழுக்கத் தேடினேன். அதன் சாக்கை வெந்நீரில் போட்டேன், தரை வெடிப்பில் கொதிநீர் ஊற்றினேன். அங்கெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. கடைசியாக அக்காவின் அறை. அங்கே அத்தானின் சாய்வு நாற்காலி இருக்கிறது. அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள். அதில் யாரும் உட்காரக் கூடாது, அவள் உட்பட.

அதன் மெத்தையில் வெள்ளை முடி. துண்டின் முடி.

அந்த அறைக் கதவு எப்போதும் தாழ்ப்பாள் போட்டிருக்கும். நாய்க்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியுமா என்ன? அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"மத்தியானத்துல வந்து கதவைச் சுரண்டும். திறந்து விட்டா நேரா அதுல ஏறிப் படுத்துக்கும். விரட்டலாம்னுதான் போவேன்… அந்த நாற்காலியைக் காலியா பாக்க முடியலடா."

 மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்தேன். உள்ளே — சே. மேல் உறைக்கும் அடி உறைக்கும் நடுவே ஒரு ஊரே குடியிருந்தது. குஞ்சும் முட்டையுமாக.

மேல் உறை நான் தைத்ததுதான். பழையதை உரிக்காமல் மேலே புதிது தைக்காதே என்று பட்டறையில் எல்லாரையும் திட்டுகிறவன் நான். ஆனால் நாற்காலி வந்த அன்றைக்கு அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய துணியில் அத்தான் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அந்த வாசனை போகக் கூடாது, அழுக்குப் படாமல் மூடி மட்டும் கொடு என்றாள். மூடிக் கொடுத்தேன்.

"ரெண்டு உறையையும் கழட்டிக் கொதிக்கிற தண்ணியில போடணும்கா."

"அதைத் தொடாதே."

"அப்ப துண்டு?"

"அது போகட்டும்."

மெத்தையைப் பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டி மாடியில் வைத்தேன். கிடங்கு நண்பனுக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை வருகிறானாம்.

மார்ச் 18, புதன்

அக்காமேல கோபப்படவும் முடியல. அந்தக் கறையைத் தவிர அவகிட்ட என்ன இருக்கு? ஆனா துண்டு என்ன பாவம் பண்ணுச்சு? நான் செருப்பு மாட்டும்போதெல்லாம் வாலை ஆட்டிட்டு வந்து நிக்குது. எங்கயோ கூட்டிட்டுப் போகப்போறேன்னு சந்தோஷம் அதுக்கு.

மார்ச் 21, சனி

பட்டறையிலிருந்து வந்தேன். நாற்காலி வெயிலில் கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் மெத்தைப் பஞ்சு, உண்ணி வெந்து சாகட்டும் என்று கறுப்புப் பாலிதீனுக்குள். சமையலறை அடுப்பில் பெரிய பாத்திரம், அதில் இரண்டு உறைகளும் கொதிக்கின்றன. அக்கா கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டிருக்கிறாள், அழுதுகொண்டே.

"வாசனை போயிடுமேக்கா."

"போகட்டும். அன்னிக்கு ஆட்டோவுல அது என் மூஞ்சியையே பாத்துட்டு வந்துச்சுடா. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உங்க அத்தானும் அப்படித்தான் பாத்தாரு." மூக்கை உறிஞ்சினாள். "புது உறை வேணாம். பழசை மட்டும் தைச்சுக் குடு. ஒழுங்கா தை."

மார்ச் 22, ஞாயிறு

நண்பன் வண்டியோடு வந்து நின்றான். நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா வாசலுக்குப் போய்விட்டாள்.

"நாயைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்கா."

"துண்டு எங்கயும் வராது. வந்ததுதான் வந்தே, டீ குடிச்சிட்டுப் போ."

நண்பன் என்னை முறைத்தான். நான் துண்டைப் பார்த்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். வேறு எதையும் தேய்க்கமாட்டேன் என்று அக்காவையே சாட்சி வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா மகள் நேற்று வந்துவிட்டாள். குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. சாயந்திரம் அக்கா அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பழைய உறை, கொதித்துக் கொதித்து வெளுத்துவிட்டது. கறை இருந்த இடம் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும். அங்கேதான் தலை சாய்த்திருந்தாள். காலடியில் துண்டு. அவள் கையில் பேன் சீப்பு.

"காது ரெண்டும் நான் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. வயித்துப் பக்கம் நீ பாரு, எனக்குக் குனிய முடியல."

பார்த்தேன். ஒன்றும் இல்லை.