மாங்காய் கொண்டு வந்தவர்கள்

சாய்ந்தமருது
05.03.1981

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாவடிப்பள்ளி வயல் வெட்டி முடிந்தது. முனவ்வறாவின் கலியாணத்தை மே மாதக் கடைசியில் வைத்திருக்கிறோம். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் உங்கள் மச்சானும் பின்வளவுக் குசினியில் சமைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவோம். கொழும்புக்குப் போனால் தங்கச்சியை மறந்துவிடத்தான் வேண்டுமா?

ஒரு வெட்கக்கேடு. மாதவிலக்கு நின்று இரண்டு வருடமான பிறகு என் வயிறு ஊதியிருக்கிறது. இரண்டு பிடி சோற்றில் நெஞ்சுவரை நிறைகிறது. பக்கத்து வீட்டு ஸைனம்பு மாங்காய் கொண்டு வந்து, "மகளுக்குப் பந்தல், உம்மாவுக்குத் தொட்டிலா மச்சி?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தங்கச்சி ஹாஜறா

கொழும்பு
13.03.1981

அன்புள்ள ஹாஜறா, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் பெயரைக் குறிப்பிடாமல், எனக்குத் தெரிந்த பெண் வைத்தியர் ஒருவரிடம் விசாரித்தேன். பார்க்காமல் எதையும் உறுதியாகக் கூற இயலாது என்றார். ஆயினும் இது பிள்ளையல்ல என்றே கருதுகிறார். கருப்பையின் இருபுறமும் உள்ள சூலகங்களில் புற்றுநோய்க் கட்டி வந்தால் வயிறு இவ்வாறு நீர்கோத்து வீங்கக்கூடும், பசி குறையும். ஆரம்பத்தில் பெரிதாக நோவதில்லையாதலால் பெண்கள் பிந்தியே வருகிறார்களாம். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்று கேட்டார். மௌத்தாகும் காலத்தில் நம் உம்மாவின் வயிறு இருந்த விதத்தைச் சொன்னேன். உடனே அழைத்து வரும்படி கூறினார். தாமதியாதே.

அபுல் ஹஸன்

சாய்ந்தமருது
24.03.1981

காக்காவுக்கு,

ஓம், உம்மாவின் வயிறு எனக்கும் நினைவிருக்கிறது. உம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்தால், நாளைக்கு முனவ்வறாவுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைக்க மாட்டார்களா? கலியாணத்தை விட்டு எழும்பிப் போய்விடுவார்கள். ஆகவே பிள்ளைதான் என்று ஸைனம்புவிடம் சொல்லிவிட்டேன். மச்சானும் நம்பிவிட்டார்; மனுசனின் நடையே மாறிப்போயிற்று. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கலியாணம் முடிந்ததும் வருகிறேன். நீங்கள் யாரிடமும் கதைக்கக் கூடாது.

ஹாஜறா

கொழும்பு
08.09.1981

அன்புள்ள ஹாஜறா,

கலியாணம் முடிந்து நீ வந்தபோது, ஜூனில் செய்த சத்திரசிகிச்சையில் சூலகங்கள் இரண்டும் அகற்றப்பட்டன; வயிற்றினுள் பரவியிருந்ததை முழுவதும் எடுக்க இயலவில்லை. ஊசிமருந்து எஞ்சியதைச் சுருக்கலாம் என்றார்கள். குணமாகும் என்று எவரும் வாக்களிக்கவில்லை. முதல் ஊசியின் பின் நீ வரவில்லை. முடி உதிர்ந்ததும் வாந்தியும் காரணம் என்று அறிவேன். எனினும் வா.

இன்னொன்று. இது என்ன நோய் என்பதை முனவ்வறா அறிந்தாக வேண்டும். அவளுக்கும் வரும் என்றில்லை. ஆனால் மற்றவர்களைவிட அவளுக்கு வாய்ப்புக் கூடுதல். காலத்துக்குக் காலம் அவள் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நீ கேட்டபடி இதுவரை வாய் திறக்கவில்லை. மாதக் கடைசியில் வருவேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். கோபிப்பதானால் கோபித்துக்கொள்.

அபுல் ஹஸன்

சாய்ந்தமருது
17.09.1981

காக்காவுக்கு,

நானே சொல்லிவிட்டேன். முனவ்வறா அழவில்லை; மாமியார் சுஹறாவைக் கூட்டி வந்தாள். சுஹறா என் காலடியில் உட்கார்ந்து, "முதலே சொல்லியிருந்தால் கலியாணத்தைத் தள்ளி வைத்திருப்போம் மச்சி. நிறுத்தியா இருப்போம்?" என்றாள்.

நீங்கள் திரும்பும்போது முனவ்வறாவை அனுப்புகிறேன், அந்த டாக்டரிடம் காட்டுங்கள். நான் வரமாட்டேன். பஸ்ஸில் இருக்க உடம்பு விடாது. பிள்ளை இல்லை என்றான பிறகு மச்சான் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. கால் மட்டும் பிடித்துவிடுகிறார்.

ஸைனம்பு இப்போது கஞ்சி கொண்டு வருகிறாள். என் முகம் பாராமல் வைத்துவிட்டுப் போகிறாள். நீங்கள் வந்தால், பழையபடி ஒருக்கா என்னைக் கேலி பண்ணச் சொல்லுங்கள்.

தங்கச்சி ஹாஜறா