கல்லுப் பாதியும் சமதரைப் பாதியும்

சேஸ் கவுண்டி, கான்சாஸ்
ஏப்ரல் 27, 1978

அன்பு மகன் கர்ட்டிஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன், கை இரண்டும் முட்புதரில் விழுந்து எழுந்ததுபோல இருப்பது தவிர வேறு குறை இல்லை. நீயும் மேரியனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அவளுடைய இருமல் நின்றதா, சியாட்டிலில் இன்னும் மழைதானா, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே என்று எத்தனை தடவை எழுதினாலும் நீ கேட்கப்போவதில்லை, எழுதுகிறேன். நீ அனுப்பிய நில விற்பனைப் பத்திரங்கள் பிப்ரவரியிலேயே வந்து சேர்ந்தன. அப்பா போன பிறகு ஒண்டியாய் அங்கே என்ன செய்யப்போகிறாய், விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்று நீ எழுதியதும், மே ஒன்றாம் தேதி டெக்சாஸ்காரரின் மாடுகள் நம் புல்லில் காசுக்கு மேய வந்து இறங்குவதற்குள் டெல்பர்ட் ப்ரூயிட்டின் நிலத்துக்கும் நமக்கும் நடுவே நம் பங்கு வேலி நிற்காவிட்டால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று நான் ரோஷத்தில் எழுதியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஒரு நாள்கூட மறக்கவில்லை.

மண்ணில் உறைபனி விட்டதும் ஆரம்பித்துவிட்டேன். அரை மைல் வேலியில் ஆளுக்குப் பாதி, நம்முடையது எந்தப் பாதி என்று யோசிக்கவே இல்லை, ஓடைப் பக்கம் இருக்கிற கால் மைலில்தானே உன் அப்பா வருஷா வருஷம் மல்லுக்கட்டிக்கொண்டு கிடப்பார். அந்தக் கல்லுத் தரை எப்படி என்று உனக்குத் தெரியும், ஒரு சாண் மண், அதன்கீழே பாறை. கடப்பாரையால் இடித்து இடித்துத்தான் ஒவ்வொரு குழியும் தோண்டினேன், ஒரு நாளைக்கு மூன்று குழி என்றால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. மூலைக் கம்பத்தை மட்டும் நாலடி ஆழத்தில் இறக்கினேன், மூன்று நாள் ஆனது, மூலை அசைந்தால் வேலி மொத்தமும் தொங்கிப்போகும். பக்கத்துக் கம்பத்துக்குக் குறுக்குச் சட்டம் கொடுத்து, மூலைக் கம்பத்தின் அடியிலிருந்து பக்கத்துக் கம்பத்தின் தலைக்கு இரட்டைக் கம்பி போட்டு முறுக்கினேன், மாற்றிப் போட்டால் இழுக்க இழுக்க மூலை மேலே கிளம்பிவிடும். வரப்போரம் வளர்கிற ஹெட்ஜ் முள்மரத்தைப் பச்சையாக வெட்டிய கம்பங்கள்தான், காய்ந்துவிட்டால் அதில் ஆணி இறங்காது, வளைந்துபோகும், ஆனால் நான் செத்து ஐம்பது வருஷம் ஆனாலும் உளுக்காது. ஐந்து வரிசை முள்கம்பி, மாடு நிற்கிற பக்கம், அப்போதுதான் மாடு சாய்ந்தால் கம்பி கம்பத்தோடு ஒட்டும், பின்பக்கம் அடித்தால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆணியை முட்ட அடிக்கவும் இல்லை, குளிரில் கம்பி சுருங்கும்போது நகர இடம் வேண்டும். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறாள் என்று நீ அலுத்துக்கொள்வாய், பொறுமையாகப் படி.

டெல்பர்ட் தினமும் பத்து மணிக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே காபி குடித்துக்கொண்டு பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கிழவர் நான் எப்போது குப்புற விழுவேன் என்று காத்திருக்கிறார் என்று எனக்கு வயிறு எரியும், அந்த எரிச்சலிலேயே இன்னும் இரண்டு அடி அதிகமாக அடிப்பேன். ஆறு வாரம். ஏப்ரல் எட்டாம் தேதி கடைசிக் கம்பியை இழுத்துக் கட்டி நிமிர்ந்தேன், அப்போதுதான் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். வேலியின் சரிபாதியைக் காட்டுகிற நடுக் கல்லுக்கு வா என்றார். அவர் பக்கம் அவர், நம் பக்கம் நான், வேலிக்கு இருபுறமும் எதிரெதிரே நின்றோம்.

"ஆர்லிஸ், வலது கையை நீட்டு" என்றார்.

நீட்டினேன். கர்ட்டிஸ், இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், வலது கைப் பக்கம் இருக்கிற பாதிதான் அவரவர் பாதி. என் கை சமதரைப் பக்கம் நீண்டிருந்தது, கம்பி அறுந்து, மூலை சாய்ந்து, படுத்துக் கிடக்கிற பாதியைக் காட்டிக்கொண்டு. நான் உயிரைக் கொடுத்துக் கட்டியது டெல்பர்ட்டின் பாதி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் குதிரை தள்ளி அவருக்கு இடுப்பு முறிந்தபோது, இந்தக் கல்லில் நீ குனிய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சமதரையைப் பார் என்று உன் அப்பா கைகுலுக்கி மாற்றிக்கொண்டாராம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. வீடு பற்றி எரிந்தால்கூடக் காபி குடித்துவிட்டுச் சொல்கிற மனுஷன், கட்டிய பெண்டாட்டியிடம் இதை எங்கே சொல்வார். வயசாகி டெல்பர்ட்டால் சமதரையையும் பார்க்க முடியவில்லை, அது விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு வாரமாக வாயைத் தைத்தா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"உன் வீட்டுக்காரன் நெல்ஸ் குடுத்த வாக்க நீ காப்பாத்துறேன்னுதான் மொதல்ல நெனச்சேன்மா. உனக்கு விஷயமே தெரியாதுன்னு புரியறதுக்குள்ள பாதி முடிஞ்சிருந்துச்சு. அப்ப சொல்லியிருந்தா கடப்பாரையாலயே என்னப் போட்டிருப்ப."

போட்டிருப்பேன்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் நாற்காலியைப் பார்த்து ஒரு மணி நேரம் திட்டினேன், திட்டிக்கொண்டே அழுதேன், நல்ல மனுஷன்டா உன் அப்பா, ஆனால் வாய் இல்லாத மனுஷன். மறுநாள் டெல்பர்ட் வந்து, இந்த வருஷம் என் புல்வெளியைக் காலியாகப் போடுகிறேன், உன் மாடு இந்தப் பக்கம் வந்தால் வரட்டும், வேலியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கைகுலுக்கிய அந்த மாற்று இன்றைக்கும் செல்லும், சமதரை டெல்பர்ட் கட்ட வேண்டியது என்று நான் கவுண்டி அலுவலகத்துக்குப் போய் வாதாடியிருக்கலாம், வென்றும் இருப்பேன், ஆனால் அவர்கள் வேலியை வந்து பார்க்க ஜூன் ஆகும். நான் உனக்கு எழுதியது மே ஒன்று. மூன்றே வாரம் இருக்கிறது, பழைய கம்பங்களில் முக்கால்வாசி இன்னும் உறுதியாக நிற்கின்றன, மூலையும் கம்பியும்தான் புதிது என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். டெல்பர்ட் தன் வரப்பிலிருந்து நல்ல தடித்த ஹெட்ஜ் மரமாகப் பார்த்து வெட்டிக் கொண்டுவரச் செய்தார். தினமும் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தார், நான் அடித்ததில் பாதிக்குக் குற்றமும் சொன்னார். பழைய காய்ந்த கம்பங்களில் ஆணி ஏறவில்லை, கம்பி சுற்றிக் கட்டினோம்.

நேற்று மதியம் முடிந்தது. அவருடைய முரட்டுக் காளை இரண்டு தடவை மூலையில் வந்து சாய்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நமக்குள் பாதி வேலி என்றுதான் பேச்சு. அரை மைலும் நிற்கிறது. உன் பத்திரங்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒரு எழுத்துகூடப் போடவில்லை, பிரித்துப் பார்த்து ஏமாறாதே.

கோடையில் இரண்டு வாரமாவது வா. வரும்போது தோல் கையுறை ஒன்று வாங்கிக்கொண்டு வா, அப்பாவுடையது என் கையில் கிழிந்து போயிற்று. மேரியனுக்கு என் முத்தம், கர்த்தர் உங்கள் இருவரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. வந்ததும் டெல்பர்ட்டுக்கு எதிரே நடுக் கல்லில் நின்று வலது கையை நீட்டு. சமதரைப் பாதி நம்முடையது. கல்லுப் பாதி அவருடையது, அவர் இருக்கிற வரைக்கும் அதையும் நாம்தான் பார்க்கிறோம், இந்தத் தடவை கைகுலுக்கியது நான். உன் அப்பா என்னிடம் சொல்லாமல் போய்விட்டார். நான் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
ஆர்லிஸ்