எண் மட்டும் உள்ள சீட்டு

பிப்ரவரி 4
லாரி நிறுத்தத்தில் எங்கள் வேன். பக்கவாட்டில் ஆள் உயர எழுத்து: ‘எச்.ஐ.வி. பரிசோதனை. ரகசியம் காக்கப்படும்.’ வந்தவர்கள் இருவர். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

பிப்ரவரி 6
கூச்சம் போக்க மேலதிகாரியின் யோசனை: தினமும் எல்லார் முன்னாலும் முதலில் நான் விரலைக் குத்திக்கொள்ள வேண்டும். சீட்டில் பெயர் கிடையாது, எண்ணும் முடிவும்தான். சட்டைப்பை நிறைய ‘தொற்று இல்லை’. ஓட்டுநர் ஒருவர்: “உனக்கென்னப்பா, கல்யாணம் ஆகாதவன். குத்திக்கிட்டே இரு.”

பிப்ரவரி 11
தங்கையின் கணவர் ஏழு மாதம் கழித்து லாரியோடு திரும்பினார். “டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்றுவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆறு வருட வேலையில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஜீவன். அதுவரை மாப்பிள்ளைக்கு என் அறையில் பாய்.

பிப்ரவரி 13
“அண்ணா, ஒண்ணும் இல்லையாம், பாரு!” சீட்டை நீட்டினாள். எண் 417. நேற்று நான் குத்திக்கொண்டது. ஆணியில் மாட்டியிருந்த என் சட்டைப்பையிலிருந்து எடுத்தது!
சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 14
மாப்பிள்ளையைத் தனியே பிடித்தேன்.
“பயமா இருந்துச்சு மச்சான். அவகிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த வாரம் நானே வர்றேன்.”
ரகசியம் காப்பேன் என்று வேலையில் சேரும்போது கையெழுத்திட்டவன் நான். பரிசோதனைக்கே வராதவருக்கு அது பொருந்தாது. இருந்தாலும் பிடித்துத் தொங்க வசதியாக இருந்தது.

பிப்ரவரி 21
வரவில்லை. நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 2
அலுவலகத்தில் பாராட்டு. ஆண்கள் பரிசோதனை இலக்கை எட்டிவிட்டோம். கால்வாசி என் விரல்.
தங்கையிடம் நாளைக்கு.

ஏப்ரல் 9
அவள் கர்ப்பமாம். இனிப்பு கொடுத்தார்கள். தின்றேன்.

ஏப்ரல் 20
கர்ப்பிணிகளுக்கான வழக்கமான ரத்தப் பரிசோதனை. அவளுக்குத் தொற்று இருக்கிறது.
மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குழந்தைக்கு வராமல் தடுக்கலாம் என்றார் மருத்துவர். நான் மனப்பாடமாக ஒப்பிக்கும் வரி. இன்று அது யார் காதிலும் விழுந்த மாதிரி இல்லை.
“அவர் சீட்டு காட்டினாரே அண்ணா?”
சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து எனக்குத் தெரியும் என்பதையும். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன் — ஏன் அடிக்கவில்லை?
“நீ சொன்னதைத்தானே நான் கேட்டேன்,” என்றாள்.

ஏப்ரல் 27
மாப்பிள்ளை வேனுக்கு வந்தார், பட்டப்பகலில், எல்லார் பார்க்க. முடிவைச் சொன்னேன். தலையாட்டினார். அவருக்கும் மாத்திரை.

மே 3
காலை எட்டு மணிக்குத் தங்கையின் செல் அடிக்கிறது. மாத்திரை நேரம். ஒரு நாள் தவறவில்லை. இன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். என்னைச் சுற்றிக்கொண்டு போய், குழாயடியில் கையேந்திக் குடித்தாள்.