கல்லில் இருந்த என் பெயர்

மில்லிக்கன், ரொறன்ரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் நிலாணிக்கு,

நானும் அப்பாவும் சுகம். அங்கே பேர்த் நகரில் நீயும் பிரவீனனும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே சுகமாய் இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். போனில் சொல்லலாம்தான், நீ சிரித்தால் நானும் சிரித்து அதோடு விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும், எடுக்கட்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அப்பா காருக்கு வின்ரர் ரயர் மாற்றிவிட்டார், அவருடைய முழங்கால் நோ மட்டும் குறையவில்லை. பெண் பிள்ளை என்றால் என் பெயரை, தபீத்தா மெரியம் என்று முழுதாக வைக்கப்போவதாகச் சொன்னாய், இந்தப் பெயரோடு வந்த முதல் அமெரிக்கப் பூட்டி யாரென்று தேடச் சொல்லியும் கேட்டாய். கிளிபோட் மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எங்கட பரம்பரையில ஒரு வெள்ளைக்காரி இல்லாட்டி எனக்கு இந்தப் பூனைக்கண் எங்கால வந்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணை விரித்துக் காட்டினார். பிறகு எச்சில் கொடுத்து டீஎன்ஏ ரெஸ்ற் செய்தார், அமெரிக்கா ஒரு சொட்டும் இல்லை என்று வந்தது. அப்ப உது ஆட்டுக்கண் மச்சான் என்று அப்பா சொன்னதில் இரண்டு பேருக்கும் இரண்டு கிழமை பேச்சில்லை.

ஆனால் பெயர் எங்கிருந்தோ வந்திருக்கத்தானே வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது, அங்கே ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றைப் படிப்பிக்கப் பணம் அனுப்பினால் அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் சொல்லும் பெயரை வைக்கச் சொல்லலாம். வரலாறு படித்த எனக்கே இது முதலில் உறைக்கவில்லை. எங்கள் முதல் தபீத்தா உடுவிலில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, அதற்கு முன் அவளுக்கு என்ன பெயர் இருந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. பெயருக்கு உரியவள், பணம் அனுப்பிய குடும்பத்துப் பிள்ளை, நியூயோர்க் மாநிலத்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள் என்று அந்த ஊர்த் தேவாலயத்தில் விசாரித்து அறிந்து, போன சனிக்கிழமை மாமாவின் வான் வண்டியில் போனோம். மயானத்தைப் பராமரிக்கும் வயதான பெண் என் பெயரைக் கேட்டாள், சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வர இவ்வளவு காலமா என்றாள். பகிடி என்று நினைத்து மாமா சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. மற்றக் கற்களெல்லாம் பாசி பிடித்துக் கிடக்க ஒன்று மட்டும் வெள்ளையாய் நின்றது. அதில் என் பெயர், முழுதாக. ஆறு வயதில் இறந்த பிள்ளை. கீழே பெற்றோர் பிறகு வெட்டுவித்த ஒரு வரி, எழுத்தின் ஆழம் வேறு, இலங்கையில் வாழ்கிறாள் என்று. கல்லை யார் கழுவுகிறார்கள் என்று கேட்டேன். முன்பு தன் தாய், இப்போது தான், உயிரோடு இருக்கிறவளின் கல்லில் பாசி பிடிக்க விடலாமா என்று கேட்டாள்.

நானும் மாமாவும் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு தபீத்தா இருந்தாள், என் அக்கா. நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டாள், அவளுக்கும் ஆறு வயது, அடுத்த வருடம் பிறந்த எனக்கு அதே பெயரை வைத்தார்கள். வயது ஒத்துப்போனது தற்செயல், அதற்கு நான் அர்த்தம் தேடவில்லை, பேய் பிசாசும் நம்புவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் உன் அம்மம்மா கூப்பிட்டு நான் ஓடிப்போய் முன்னால் நின்றால், அவவின் கண் எனக்குப் பின்னால் வாசலைப் பார்க்கும். இந்த வயதிலும் யாராவது என் பெயரைச் சொன்னால் நான் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். அந்தக் கல்லடியிலும் மாமா என்னைக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் என்னோடு சேர்ந்து அதே பக்கம் பார்த்தாள்.

அதனால் என் பெயரை வைக்காதே மகள். உன் பிள்ளையை நீ கூப்பிடும்போது அவள் மட்டும் திரும்ப வேண்டும், எங்களில் ஒருவரும் வைத்துக்கொள்ளாத பெயராகத் தேடு. கல்லடியில் கிடக்கும் அந்தச் சின்னப் பிள்ளை இனி என்னோடு இளைப்பாறட்டும்.

இரும்புக் குளிசையைத் தோடம்பழச் சாற்றோடு எடு, தேநீரோடு எடுக்காதே, பாரம் தூக்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தமது கைக்குள் வைத்திருப்பாராக. பெயர் முடிவானதும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். வழக்கமாக அம்மா என்று எழுதி அதன் கீழே முழுப் பெயரையும் எழுதுவேன், நீ பகிடி பண்ணுவாய். இன்று அது வேண்டாம்.

அன்புடன்,
அம்மா