அம்மா துப்பிவிடும் மாத்திரை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவும் சுகம் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் ஃபோனைக் கையில் எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இப்போது அவள் உள்ளே மெஷினில் படுத்திருக்கிறாள், நான் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறேன். அவளை வெளியே விட இன்னும் வெகுநேரம் ஆகும், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி வந்திருக்கிறது. ரத்தத்தில் புகுந்து கல்லீரலைப் பிடிக்கிற கிருமி. இங்கே எல்லாருக்கும் அவ்வப்போது எடுக்கிற ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதே ஷிஃப்டில் பக்கத்துப் படுக்கைகளில் இருக்கிற பேக்கரிக்காரருக்கும், ஓயாமல் பேசுவாளே ரேடியோ அக்கா, அவளுக்கும் வந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்ததில்லை, இந்த வார்டுக்குள்ளேயே பரவியதுதான் என்று பெரிய டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து போடுவார்கள். ஒரே பெரிய பாட்டிலைத் தட்டில் வைத்துப் படுக்கை படுக்கையாகக் கொண்டுபோய் எல்லாருக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசி திரும்ப ஒரு தடவை பாட்டிலுக்குள் போயிருந்தால் போதுமாம். நாங்கள் மட்டும் சும்மா இருந்தோமா? எப்பம்மா எங்களை உள்ள விடுவீங்க, பஸ் போயிடும், சீக்கிரம் போடுங்க தாயே என்று அந்த நர்ஸுகளைப் பிடுங்கி எடுப்போம். கையுறை மாற்றுகிற நேரத்தைக்கூட யாரும் பொறுத்துக்கொண்டதில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்தே காலத்தை ஓட்டியவன் நான், தலைக்கு மேல் ஆள் நின்று விரட்டினால் எந்த போல்ட்டை முறுக்காமல் விடத் தோன்றும் என்று எனக்கா தெரியாது. ஆனாலும் கோபம் வர வேண்டும், வரவில்லை. ரிசல்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேன்டீனில் போய் டீ குடித்தேன், சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. பல்லுக்கு ஊசி போட்டால் கொஞ்ச நேரம் உதடு நம்முடையதாக இருக்காதே, அப்படி இருக்கிறேன்.

இப்போது அம்மாவுக்குத் தனி அறை, தனி மெஷின். ரேடியோ அக்கா தொல்லை விட்டது என்று சிரிக்கிறாள், அந்த அக்காவை இரண்டாவது தடவை சோதித்துப் பார்த்து அடுத்த வாரம் அதே அறைக்கு மாற்றப்போகிறார்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் பல்துலக்கும் பிரஷ், நகவெட்டி எல்லாம் தனியாக வைத்துவிட்டேன். உன் சித்தி பார்க்க வந்தாள், தண்ணீர் கொடுத்தேன், டம்ளரைத் தொடவில்லை. இது எச்சிலில் வராது, ரத்தத்தில்தான் வரும் என்று சொன்னேன். எனக்குத் தாகமில்லை என்றாள். கொளுத்துகிற வெயிலில் நடந்து வந்தவள்.

இது குணமாகிற வியாதிதானாம். மூன்று மாதம் தினம் மாத்திரை போட்டால் அநேகமாகக் கிருமி போய்விடும், அதன்பிறகு நீ வந்து கிட்னி கொடுக்கிற ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். நான்தான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறேன். அவளும் வாயில் போட்டுக்கொண்டு பாத்ரூம் போகிறாள், வாஷ்பேசினில் துப்பிவிடுகிறாள். நேற்று கையும் களவுமாகப் பிடித்தேன். வாஷ்பேசினைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள், இந்தக் கிருமி இருக்குற வரைக்கும் என் பொண்ணு வயித்துல யாரும் கத்தி வைக்க மாட்டாங்க, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் விடுங்க என்று. கல்லீரலும் போய்விட்டால் என்னடி செய்வது என்று கேட்டேன். துணி காஞ்சிருக்கும், எடுத்துட்டு வாங்க என்றாள். நானும் போய் எடுத்துக்கொண்டு வந்து மடித்து வைத்தேன்.

அதனால் நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது, கிட்னி கொடுக்க எனக்கு இஷ்டமில்லை, மனசு மாறிவிட்டது என்று சொல்லிவிடு. பழியை மாப்பிள்ளை தலையில் போடாதே, போட்டால் அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். எனக்கே பயமாக இருக்கிறது என்று சொல். அழாமல் சொல், கொஞ்சம் எரிச்சலாகவே சொல், அப்போதுதான் நம்புவாள். அன்றைக்கு அவளுக்கு வலிக்கும், ஆனால் துப்புவதற்குக் காரணம் இருக்காது. மாத்திரையை விழுங்கிவிடுவாள்.

குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசீர்வாதம். கடிதம் வந்தது என்று ஃபோனில் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

இன்னும் ஒன்று. அன்றைக்கு நீ சொல்லப்போவது பொய்யா நிஜமா என்று எனக்குக்கூட நீ சொல்ல வேண்டாம். நிஜமாகவே இருந்தாலும் அப்பாவுக்குச் சம்மதம்தான் மகளே.

இப்படிக்கு,
அப்பா